சர்க்கரையும் 'பார்டர்'! சாப்பாடும் 'பார்டர்'!!

சுந்தரபாண்டியபுரத்தில் நடை, குற்றாலத்தில் குளியல், நடுவில் பரோட்டா!
உடம்பைத் தேற்றப் புறப்பட்டவர்களின் சாக்குக் கணக்கு

சுந்தரபாண்டியபுரம்-

"இனிமே எல்லாம் கட்டு! வடை கிடையாது. அல்வா கிடையாது. டீக்குச் சீனி கிடையாது!"

குற்றாலச் சீசனுக்கு வண்டி ஏறும் பலர், வீட்டில் இப்படிச் சத்தியம் செய்துவிட்டுத்தான் புறப்படுகிறார்கள். தோளில் துண்டு. பையில் எண்ணெய்ப் புட்டியும் மாத்திரை டப்பாவும். மனதில் வைராக்கியம்.

நான்கு நாள் கழித்து ஊர் திரும்பும்போது துண்டு ஈரமாக இருக்கிறது. எண்ணெய்ப் புட்டி காலியாக இருக்கிறது. வைராக்கியத்தை மட்டும் காணோம்!

யாரும் அதைத் திருடவில்லை. "ஒண்ணே ஒண்ணுதானே!" என்று சொல்லிச் சொல்லி, அவர்களே கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டார்கள்.

டாக்டர் சொன்ன பார்டர்

ஓர் அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளலாம். வயது ஐம்பது. பலசரக்குக் கடை. பெயர் வேண்டாம். ஊருக்கு நாலு பேர் இவரைப் போல இருக்கிறார்கள்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை 118 என்று வந்தது. 126-ஐத் தொட்டால் வியாதி. 100-க்கு மேலே போய், 126-க்குள்ளே நின்றால் அதற்கு ஊர் வழக்கில் ஒரு பெயர் உண்டு: 'பார்டர்'.

"பார்டர்ல இருக்கீங்க அண்ணாச்சி. இப்பவே வாயைக் கட்டி, காலை நடக்க விட்டா தப்பிச்சிரலாம்" என்றார் டாக்டர்.

அண்ணாச்சிக்குப் பகீர் என்றது. அவருடைய அப்பாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் போனது. கடை பல மாதம் பூட்டிக் கிடந்தது. அந்தப் பூட்டு இன்னும் அவர் கண்ணில் நிற்கிறது.

மறு வாரமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். மைத்துனர் வீடு சுந்தரபாண்டியபுரம். காலையில் வயல்வெளியில் நடை. பிறகு குற்றாலத்தில் குளியல். "நாலு நாள்ல உடம்பு இரும்பாயிரும் பாரு" என்று மனைவியிடம் சொன்னார்.

வயலோரம் முதல் சாக்கு

தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் சுந்தரபாண்டியபுரத்தைச் சினிமாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 1992-ம் ஆண்டு வந்த 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் ஊர் இதுதான். 2005-ம் ஆண்டு வந்த 'அந்நியன்' பாட்டுக்காக இங்குள்ள பாறையில் தீட்டிய வண்ணப் படங்களைத் தேடிப் பல காலம் ஆட்கள் வந்தார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேரளத்திலிருந்துகூடக் கார் போட்டுக்கொண்டு வந்து, மஞ்சள் வயலுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேற்கே பார்த்தால் மலை. முகத்தில் சாரல் காற்று. நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அண்ணாச்சி அரை மணி நேரம் கை வீசி நடந்தார். வேர்வையே வரவில்லை. பெருமை மட்டும் வந்தது!

திரும்பி வரும் வழியில் டீக்கடை.

"வாங்க அண்ணாச்சி! வடை சூடா கெடக்கு. ரெண்டு வைக்கவா?"

"ஐயோ, வேண்டாம்ப்பா. சுகரு..."

"சூரியகாந்தி எண்ணெய்ல போட்டது அண்ணாச்சி. கொலஸ்ட்ராலே கிடையாது!"

அண்ணாச்சி வயலைப் பார்த்தார். பூவெல்லாம் "சாப்பிடு, சாப்பிடு" என்று தலையாட்டுவது போல் இருந்தது. "நடந்துட்டுத்தானே வந்தேன்" என்று இரண்டு வடையை எடுத்தார்.

டீக்கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காய், கடலை, எள் என்று செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் வரும் எந்த எண்ணெயிலும் அது இருந்தது கிடையாது!

எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் உள்ளே போனால் சுமார் 120 கலோரி ஏறிவிடும். நடுத்தர உடம்புக்காரர் அரை மணி நேரம் வேகமாக நடந்து கரைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

அதாவது, அண்ணாச்சி சம்பாதித்த அத்தனையும் அந்தத் தட்டிலேயே தீர்ந்தது. கூட வந்த சட்னியும் டீயும் கடன் கணக்கு.

எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது தனி வம்பு. காய்ந்து கெட்டுப்போன எண்ணெயைத் தள்ளிவிட வேண்டும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ம் ஆண்டு ஜூலை 1 முதல் அளவு வகுத்திருக்கிறது. பூவின் பெயர் நல்ல பெயர்தான். அதற்காகச் சட்டியில் கறுத்துக் கிடக்கும் எண்ணெய் மருந்தாகிவிடாது.

டீக்குள்ளே ஒளிந்த சீனி

வடையைவிட நைசான ஆள் டீ.

"டீ என்ன செய்யப் போகுது?" என்பார்கள். ஒரு டீக்கு இரண்டு கரண்டி சீனி. கடையில் உட்கார்ந்தால் வருகிற ஆளோடு ஒன்று, போகிற ஆளோடு ஒன்று. நாள் முழுக்க ஐந்து டீ சாதாரணம். ஆக மொத்தம் பத்துக் கரண்டி!

ஒரு கரண்டி 4 முதல் 5 கிராம். அப்படியானால் 40 முதல் 50 கிராம். தனியாகச் சேர்க்கும் சீனியை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவதே நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயிலேயே இரண்டு நாள் பங்கு முடிந்து போகிறது.

பலசரக்குக் கடையில் ஒரு கிராம் குறைந்தால் தராசைத் தட்டிப் பார்க்கும் அண்ணாச்சிக்கு, இந்த நிறுவை மட்டும் தெரியவில்லை!

அருவி தரும் பசி

அடுத்து குற்றாலம்.

பேரருவியில் ஆரம்பித்து, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் என்று ஒரு நாளில் ஒரு சுற்று. எண்ணெய் தேய்த்துவிடும் ஆளிடம் உடம்பைக் கொடுத்து, அருவிக்கடியில் தலையை நீட்டினால் தோள்வலி பறந்தே போய்விடும். மூலிகைக் காட்டின் வழியே இறங்கி வரும் தண்ணீர் வியாதியைத் தீர்க்கும் என்பது காலங்காலமாக உள்ள நம்பிக்கை. கம்பெனி காலத்து வெள்ளைக்காரர்கள்கூட உடம்பு தேற இங்கே வந்து தங்கினார்கள்.

அருவிக் குளியலில் மனம் லேசாகிறது. உடம்பு முறுக்கு அவிழ்கிறது. அது நிஜம். ஆனால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தண்ணீர் கழுவிவிடாது.

அது மட்டுமா? அருவி இன்னொரு வேலையும் செய்கிறது. பசியைக் கிளப்பிவிடுகிறது!

அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2005-ம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆண்கள் சிலரைத் தண்ணீருக்குள் 45 நிமிடம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ஒரு நாள் 20 டிகிரி குளிர்ந்த நீர். இன்னொரு நாள் 33 டிகிரி வெதுவெதுப்பான நீர். இரண்டு நாளும் செலவான சக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

வெளியே வந்ததும் சாப்பாட்டை முன்னால் வைத்து, "வேண்டியதைச் சாப்பிடுங்கள்" என்றார்கள். குளிர்ந்த நீரில் மிதித்த அன்று அவர்கள் 44 சதவீதம் அதிகமாகத் தின்று தீர்த்தார்கள்!

குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. ஈரத் துண்டோடு கடை முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே போதும்.

குற்றாலநாதர் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. அருவிச் சாரலிலேயே இருக்கிற சாமிக்குச் சுக்கு, மிளகு, கடுக்காய் போட்டுக் கஷாயம் படைக்கிறார்கள். சாமிக்குக் கஷாயம், கும்பிட வருகிறவருக்குப் பரோட்டா!

ஓடிப் போன பார்டர்

"குளிச்சதுக்கு வயிறு கபகபன்னுது. பார்டருக்கு விடு வண்டியை!"

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர். 'பார்டர் பரோட்டா' என்றால் மதுரைக்காரருக்கும் மெட்ராஸ்காரருக்கும் நாவில் நீர் ஊறும். சின்னச் சின்னப் பரோட்டா. மேலே சால்னா. பக்கத்தில் நாட்டுக்கோழி, காடை.

அங்கே இப்போது பார்டரே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்தது. எல்லை பிரானூர்ப் பக்கம் ஓடியது. 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே புளியரைப் பக்கம் போய்விட்டது. பெயரும் பரோட்டாவும் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன!

சர்க்கரைப் பார்டரும் இப்படித்தான். "நான் பார்டர்லதான் இருக்கேன்" என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார் ஒருவர். பரிசோதனை செய்து பார்த்தால், அவருடைய பார்டர் எப்போதோ அவரைத் தாண்டிப் போயிருக்கும்!

அண்ணாச்சி உட்கார்ந்தார். "மக்களே, ரெண்டு போதும்" என்றுதான் ஆரம்பித்தார்.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் மனைவி.

"எளா, காலையில நடந்தேன். மூணு அருவில குளிச்சேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?"

இரண்டு நாலாயிற்று. நாலு ஆறாயிற்று. வெளியே வந்ததும் மங்குஸ்தான்: "பழம்தானே!" ராத்திரி திருநெல்வேலி அல்வா: "ஊருக்கு வாங்கினதுல ஒரு துண்டு ருசி பார்க்க வேண்டாமா?"

கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வீட்டில் இருந்திருந்தால் அண்ணாச்சி அன்று நாலு இட்லியோடு நிறுத்தியிருப்பார். 'உடம்புக்கு நல்லது செய்தோம்' என்ற நினைப்புத்தான் அவரை ஆறு பரோட்டாவுக்குக் கொண்டு போனது!

பொய் மாத்திரை, நிஜ விருந்து

இந்த நினைப்பு எவ்வளவு பொல்லாதது என்பதைத் தைவான் நாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2011-ம் ஆண்டு வெளியானது.

எல்லோருக்கும் ஒரே மாத்திரை. அதில் சத்தும் இல்லை, மருந்தும் இல்லை. பாதிப் பேரிடம் மட்டும் "இது சத்து மாத்திரை" என்றார்கள். மற்றவர்களிடம் "இதில் ஒன்றுமில்லை" என்று உண்மையைச் சொன்னார்கள்.

என்ன நடந்தது? சத்து மாத்திரை விழுங்கியதாக நம்பியவர்களுக்கு உடற்பயிற்சியில் ஆசை குறைந்தது. சத்தான சாப்பாட்டை விட்டு, அள்ளி அள்ளித் தின்னும் விருந்துச் சாப்பாட்டைக் கேட்டார்கள். நடந்த தூரமும் குறைந்தது.

ஒன்றுமே செய்யாமல், 'செய்துவிட்டோம்' என்று நினைத்ததற்கே இந்தக் கூலி! அரை மணி நேரம் நிஜமாகவே நடந்துவிட்ட அண்ணாச்சியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

கணக்குப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். வரவை இரண்டு தடவை எழுதி, செலவைப் பாதியாக எழுதினால் பேரேட்டில் லாபம் தெரியும். கல்லாவைத் திறந்தால்தான் விஷயம் வெளுக்கும்.

பதிமூன்றரைக் கோடிப் பேர்

'ருசியாகச் சாப்பிட்டால் குற்றமா?' என்று கேட்கலாம். குற்றம் இல்லை. ஆனால் இது ஓர் அண்ணாச்சியின் விவகாரமாக நிற்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் எடுத்த ஆய்வு 2023-ம் ஆண்டு வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று அதில் கணக்கிட்டார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல்.

பார்டரில் நிற்பவர்கள் அதைவிட அதிகம்: 13 கோடியே 60 லட்சம் பேர்!

சர்க்கரை சத்தம் போடாமல் வேலை செய்யும். கண்ணில் மங்கல் வரும். சிறுநீரகம் சோர்ந்து போகும். காலில் முள் குத்தினால் தெரியாது. புண் வந்தால் ஆறாது. சம்பாதிக்கிற ஆள் படுத்தால் வீடே படுத்துவிடும்.

வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ந்தேதி தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் திட்டம் 2023-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி தொடங்கியது. மாத்திரையை வாசலில் கொடுக்கலாம். பாதையைக் காட்டலாம். சாக்கைப் பிடுங்க எந்தத் திட்டத்தாலும் முடியாது!

சென்னையில் கிடைத்த நல்ல சேதி

பார்டரில் நிற்பவர்களுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. அது வெளிநாட்டுச் சேதி அல்ல, சென்னைச் சேதி.

டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருந்த 531 பேரைச் சேர்த்துச் சோதனை நடத்தினார்கள். முடிவு 2006-ம் ஆண்டு வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மூன்று வருடத்தில் அவர்களில் நூற்றுக்கு 55 பேர் வியாதிக்காரர் ஆனார்கள்.

இன்னொரு பிரிவினருக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சொல்லி, விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் அந்த எண்ணிக்கை 39 ஆகக் குறைந்தது.

பட்டினி போடவில்லை. பெரிய பயில்வான் பயிற்சியும் இல்லை. தினம் அரை மணி நேர நடை. சீனி, எண்ணெய், வெள்ளை மாவுப் பண்டம் குறைவு. அவ்வளவுதான். அண்ணாச்சி நடந்த அதே அரை மணி நேரம்!

நடைக்குக் கூலியாக வடையைக் கொடுக்காமல் இருந்தால் அந்த நடை உடம்பில் தங்குகிறது. வித்தியாசம் அங்கேதான்.

ஆசை இருக்கட்டும், சாக்கு வேண்டாம்

அதற்காகக் குற்றாலம் வந்தவர் பரோட்டாவைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டுமா? அப்படிச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் ஒரு வாரம்தான். எட்டாவது நாள் சேர்த்து வைத்துப் பழி வாங்குவார்கள்!

வழி வேறு. நடையை ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். ஆசையை இன்னொரு பேரேட்டில் எழுத வேண்டும். இதிலிருந்து அதற்குக் கைமாற்றுக் கொடுக்கக் கூடாது.

ஆசைக்கு முன்கூட்டியே நாளும் அளவும் வைக்கலாம். "இந்தப் பயணத்துல ஒரு நாள் பார்டர்; அதுவும் மூணு" என்று புறப்படும் முன்பே வீட்டில் சொல்லிவிடலாம். சாட்சி இருந்தால் நாவு அடங்கும்.

குளித்துவிட்டு நேரே கடைக்குள் நுழையாமல், உடம்பைத் துவட்டி, உலர்ந்த துணி கட்டி, பத்து நிமிடம் உட்காரலாம். குளிர் கிளப்பிய பசி எது, வயிற்றுப் பசி எது என்று அப்போது தெரியும்.

சாப்பிட்ட உடனே வண்டியில் சாயாமல் பதினைந்து நிமிடம் மெதுவாக நடக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதை அது குறைக்கும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் எதையும் மாற்றும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டீக்குச் சீனியை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். இரண்டு கரண்டியை ஒன்றாக்கினாலே ஐந்து டீக்கு ஐந்து கரண்டி மிச்சம். போகப் போக நாவு பழகிவிடும்.

இவற்றோடு இன்னொன்று. தின்னும்போது "தின்கிறேன்" என்று சொல்லித் தின்ன வேண்டும். "நடந்தேன், அதனால் தின்கிறேன்" என்று சொல்லக் கூடாது. அந்த 'அதனால்'தான் மூன்றை ஆறாக்குகிறது!

மறுநாள் காலை

மறுநாளும் அண்ணாச்சி வயலோரம் நடந்தார். வழியில் அதே டீக்கடை. அதே குரல்.

"அண்ணாச்சி, வடை சூடா..."

அண்ணாச்சி நின்றார். சட்டியைப் பார்த்தார். ராத்திரி மனைவி கேட்ட ஒரே ஒரு கேள்வி காதில் விழுந்தது: "மாமாவுக்கு விரல் எடுத்தப்ப கடை எத்தனை மாசம் பூட்டிக் கெடந்தது?"

"இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றார். "ஒரு டீ மட்டும் கொடு. சீனி கம்மி."

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நடக்கலியா?"

"நடந்தேன்" என்றார் அண்ணாச்சி. "நடந்ததை வித்துரக் கூடாதுல்லா!"